‘கூர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஐரோப்பிய மருந்து ஊற்றுகளின் பெயர்கள் பற்றி

ஊற்றுக்கண்:
வணக்கம். பாட் கிஸ்ஸிங்கன் என்ற ஜெர்மன் ஊரைப் பற்றிய ஒரு பயணக்கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறேன். காரணம் ‘கூர்’ என்ற ஒரே சொல். கூரோர்ட் என்றால் அந்த மாதிரி ஊர். கூர்காஸ்ட் என்றால் அங்கே வந்து தங்குகிறவர். கூர்பார்க் என்றால் அவர் நடப்பதற்கான பூங்கா. கூர்டாக்ஸே என்றால் அவரிடம் ஊர் நிர்வாகம் வாங்கும் வரி. அகராதியைத் திறந்தால் ‘சிகிச்சை’ என்று இருக்கிறது. ‘சிகிச்சைக்குப் பேர்போன ஊர்’ என்று எழுதினால் நம்மவர்களுக்கு வேலூர்தான் நினைவுக்கு வரும்.

‘ஸ்பா’ என்று போடலாம் என்றால் அதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. எங்கள் தெருமுனை ஸ்பாவில் முகத்துக்குக் களிம்பு பூசுகிறார்கள், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறார்கள். அங்கே ஊற்றும் இல்லை, நோயாளியும் இல்லை. நான் எழுத வேண்டியதோ, மூட்டுவலியோடும் வயிற்றுக் கோளாறோடும் வந்து, மூன்று வாரம் தங்கி, நிலத்திலிருந்து பொங்கும் தண்ணீரைக் குடித்தும் அதில் குளித்தும் தேறிப்போகிறவர்களைப் பற்றி. மற்ற ஐரோப்பிய மொழிகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வழி பிறக்கும். அங்கே வசிப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

மணிமுத்தாறு:
ஸ்பா என்பதே லத்தீன் சுருக்கம்தானே? ‘சானிதாஸ் பெர் ஆக்வாம்’, அதாவது தண்ணீரால் நலம். மூன்று சொல்லின் முதலெழுத்தும் சேர்ந்து ஸ்பா. தமிழில் ‘நீர்நலம்’ என்று வைத்துவிடலாமே.

ஆர்தென்மழை:
மணிமுத்தாறு அண்ணா, அந்த விரிவாக்கம் பிற்காலத்தில் கட்டியது. ஸ்பா என்பது ஓர் ஊரின் பெயர். பெல்ஜியத்தில் லியேஜ் மாகாணத்தில், ஆர்தென் மலைக்காட்டுக்குள் இருக்கிறது. நான் குடியிருக்கும் இடத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 16ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்த் தண்ணீரின் புகழ் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இங்கிலாந்தில் ஹாரோகேட் என்ற இடத்தில் 1571இல் அதே மாதிரி ஓர் ஊற்று கிடைத்தது. 1596இல் திமோத்தி பிரைட் என்ற மருத்துவர் அதை ‘இங்கிலாந்தின் ஸ்பா’ என்று அழைத்தார். அப்போதெல்லாம் ‘ஸ்பா’ என்ற உச்சரிப்புகூட நிலைபெறவில்லை, ‘ஸ்பா’வுக்கும் ‘ஸ்பௌ’வுக்கும் இடைப்பட்ட மாதிரி எழுதினார்கள். ஊர்ப்பெயர் அப்படியே பொதுப்பெயராகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஊர்க்காரர்கள் ஊற்றை ஸ்பா என்று சொல்வதில்லை. அவர்களுடைய வாலூன் பேச்சில் அது ‘பூஓன்’, அதாவது தண்ணீர் மொள்ளும் இடம். 1717இல் ரஷ்யாவின் ஜார் மன்னர் பீட்டர் வந்து குடித்த ஊற்றுக்கு இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பூஓன் என்றுதான் பெயர்.

நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். வெந்நீர் இல்லை, சில்லென்ற தண்ணீர். முதல் மடக்கில் துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது போல இருந்தது, கூடவே சோடா போலச் சுள்ளென்று ஏறியது. நிலத்தடியில் கரியமில வாயு கலந்த நீர் பாறையிலுள்ள இரும்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் வாயு போய்விடுகிறது, இரும்பு துருவாகிச் செம்மண் போல அடியில் தங்கிவிடுகிறது. ஊற்றைச் சுற்றியுள்ள கல்லெல்லாம் சிவந்து கிடப்பது அதனால்தான். ஊற்றின் வாயிலேயே குடித்துவிட வேண்டும் என்று பழைய மருத்துவர்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது. அண்ணா, உங்கள் ‘நீர்நலம்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதை ஸ்பா என்பதன் மொழிபெயர்ப்பு என்று சொல்ல வேண்டாம்.

மணிமுத்தாறு:
நன்றி தங்கச்சி. பல வருடமாகத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நீர்நலத்தை விட்டுவிடுகிறேன், வேறு யோசிப்போம்.

தறிநாடா:
நல்ல இழை. பழைய ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் ‘நலம்’ என்ற எண்ணமே அவற்றில் பெரும்பாலும் இல்லை. ரோமானியர்கள் ஊற்று கிடைத்த இடத்துக்கெல்லாம் ‘ஆக்வே’ என்று பெயர் வைத்தார்கள். ‘தண்ணீர்கள்’, அவ்வளவுதான். கி.மு. 122இல் செக்ஸ்தியுஸ் என்ற தளபதி நிறுவிய ஆக்வே செக்ஸ்தியே இன்று பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ். ஆக்வே என்ற சொல் தேய்ந்து தேய்ந்து ‘எக்ஸ்’ ஆகிவிட்டது. அதே பிரான்சில் தாக்ஸ் என்ற ஊரில் ‘இன் / உடைய’ என்ற பொருள் தரும் ‘த’ முன்னால் ஒட்டிக்கொண்டு பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டது. இத்தாலியில் ஆக்வி. போர்ச்சுக்கலில் நேர்மாறு: ஆக்வே ஃபிளாவியே என்பதில் ஆக்வே உதிர்ந்துபோய், ஃபிளாவியே மட்டும் ‘ஷாவெஷ்’ என்று நிற்கிறது. ஜெர்மனியின் ஆகன் நகரப் பெயரிலும் தண்ணீரைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்தான் இருக்கிறது, அது லத்தீன் ஆக்வாவுக்கு உறவு.

இன்னொரு கூட்டம் சூட்டைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் கால்தாஸ், கால்தெஸ் என்று வரும் ஊர்களெல்லாம் ‘சூடானவை’. செக் மொழியில் தெப்லிட்சே, போலிஷில் சியெப்லிட்சே, குரோவேசியத்திலும் ஸ்லோவீனியத்திலும் தொப்லிட்சே. மூன்றும் ஒரே ஸ்லாவிய வேர், வெதுவெதுப்பு என்ற பொருள். ஹங்கேரியின் ஹேவீஸ் என்றால் நேராகவே ‘சுடு நீர்’. அங்கே ஓர் ஏரியே வெந்நீர், குளிர்காலத்திலும் மக்கள் இறங்கி மிதக்கிறார்கள். கார்லோவி வாரியில் ‘வாரி’ என்பது கொதித்தல். சார்ல்ஸ் மன்னரின் கொதிநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பொய்யில்லை: அங்குள்ள பெரிய ஊற்று 70 டிகிரி செல்சியசைத் தாண்டிய சூட்டில் பீறிட்டு அடிக்கிறது.

மூன்றாவது, ருசி. ரஷ்யாவின் கிஸ்லவோத்ஸ்க் என்ற ஊர்ப்பெயருக்குப் ‘புளிப்புத் தண்ணீர்’ என்று பொருள். செக்கில் கிசெல்கா, ஜெர்மனில் சௌவர்புருன்னன், எல்லாம் அதே புளிப்பு. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் வரும் மெல்லிய புளிப்புதான் அது.

அப்புறம் பான்யா. லத்தீன் ‘பல்னேயும்’, அதாவது குளியலறை, ஸ்லாவிய மொழிகளுக்குள் போய் பான்யா ஆனது. ரஷ்யர்களுக்கு அது நீராவிக் குளியல், செர்பியர்களுக்கும் பல்கேரியர்களுக்கும் மருந்து ஊற்று உள்ள ஊர். செர்பியாவின் வ்ர்ன்யாச்கா பான்யா, போஸ்னியாவின் பான்யா லூக்கா எல்லாம் இதில் சேரும்.

ஆர்தென்மழை:
ஐயா, பான்யா லூக்காவை மட்டும் எடுத்துவிடுங்கள். அங்கே ‘பான்’ என்பது பழைய ஆளுநர் பட்டம், லூக்கா என்றால் ஆற்றோரப் புல்வெளி. ஆளுநரின் புல்வெளி என்றுதான் அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். குளியலோடு சம்பந்தம் இல்லை.

தறிநாடா:
உண்மைதான், அவசரத்தில் சேர்த்துவிட்டேன், நன்றி. இதே மாதிரி இன்னொரு பொறி ருமேனியாவில் இருக்கிறது. ‘பாயிலே ஹெர்குலானே’ ரோமானியர் காலத்திலிருந்தே குளியல் ஊர், ஹெர்குலிஸ் பெயரில். அதே போல ‘பாயா’ என்று தொடங்கும் ‘பாயா மாரே’ என்ற ஊர்ப்பெயருக்கு மட்டும் ‘பெரிய சுரங்கம்’ என்று பொருள். ஹங்கேரிய மொழியில் பான்யா என்றால் சுரங்கம்.

ரைன்கரை:
ஊற்றுக்கண், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் ஜெர்மனியில் செவிலியர், இப்படி ஓர் ஊரில்தான் வேலை.

கூர் என்பது லத்தீன் ‘கூரா’விலிருந்து வந்தது. அதற்கு மூலப்பொருள் குணமாக்குதல் அல்ல, அக்கறை, கவனிப்பு. கவலை என்றும் பொருள் உண்டு. ஆங்கில ‘கியூர்’ அதே சொல்தான், ஆனால் அதில் நோய் தீர்ந்துவிட்டது என்ற முடிவு இருக்கிறது. ஜெர்மன் கூர் என்பதில் முடிவு இல்லை, செய்யும் முறைதான் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுப்பார்: எந்த ஊற்றுத் தண்ணீர், எத்தனை கோப்பை, எந்த நேரம், தொட்டியில் எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடை, என்ன சாப்பாடு. பெரும்பாலும் மூன்று வாரம். பிரான்சில் காப்பீடு பணம் கொடுக்கும் ஊற்று வைத்தியத்துக்கு 18 நாள் கணக்கு. இங்கே இன்று அலுவல் காகிதத்தில் மறுவாழ்வு, முன்தடுப்பு என்றெல்லாம் எழுதினாலும், பேச்சில் ‘கூருக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். 1950இல் அதிபரின் மனைவி எல்லி ஹாய்ஸ்-க்னாப் தொடங்கிய அறக்கட்டளை வழியாகக் களைத்துப்போன தாய்மார்களை அனுப்புகிறார்கள், அதற்கும் ‘தாய்-சேய் கூர்’ என்றே பெயர். முதல் மூன்று நாள் அந்த அம்மாக்கள் தூங்கித் தூங்கி எழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதைத் தமிழில் யோசித்தால் எனக்குப் ‘பத்தியம்’ என்ற சொல்தான் வருகிறது. சித்த மருந்து சாப்பிடும்போது எங்கள் பாட்டி ஒரு மண்டலம் பத்தியம் இருப்பார்: நேரம், சாப்பாடு, தூக்கம், எதற்கும் ஓர் ஒழுங்கு. மருந்து பாதி, அந்த இருப்பு பாதி. கூரும் அப்படித்தான். ‘நீர்ப்பத்தியம்’ என்று சொல்லிப் பாருங்களேன்.

ஊற்றுக்கண்:
அக்கா, இது நெஞ்சில் பட்டென்று ஒட்டுகிறது. ‘நீர்ப்பத்தியம் இருக்க வந்தவர்கள்’ என்று எழுதலாம். ஆனால் பத்தியம் என்றதும் புளி, காரம் தள்ளுவதுதான் முதலில் தோன்றாதா?

தறிநாடா:
எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ‘நீர்ப்பத்தியம்’ என்றால் தண்ணீரைத் தள்ளி வைப்பது என்றுகூட ஒருவர் படிப்பார். உப்புப் பத்தியம் என்றால் உப்பில்லாமல் சாப்பிடுவது தானே?

ரைன்கரை:
அது உண்மையான சிக்கல். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

நெல்லிவட்டு:
மருந்துக்கடைக்காரன் பங்குக்கு ஒன்று. இந்த ஊற்று ஊர்கள் பல நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. எப்சம் உப்பு எல்லாருக்கும் தெரியும். எப்சம் லண்டனுக்குத் தெற்கே ஓர் ஊர். 17ஆம் நூற்றாண்டில் அங்கே கசப்பான ஊற்றுத் தண்ணீர் குடிக்கக் கூட்டம் கூடியது. நெஹெமையா குரு என்பவர் 1695இல் அந்த உப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதுதான் மெக்னீசியம் சல்பேட். பேதி மருந்தாக அது வேலை செய்கிறது, காரணமும் தெளிவு: குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது சோடா. ஜெர்மனியில் நீடர்செல்டர்ஸ் என்ற கிராமத்து ஊற்றுநீர்தான் ‘செல்ட்சர்’ என்ற சொல்லாயிற்று. இயற்கையில் குமிழி விடும் அந்த மாதிரித் தண்ணீரைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தபோது பிறந்ததுதான் சோடா. ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் தண்ணீரில் கரியமில வாயுவை ஏற்றினார், 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். வாயு போகாமல் அடைக்க ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் கோலிக்குண்டு வைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். நம் கோலி சோடா அந்தப் பாட்டில்தான். வயிறு மந்தமாக இருந்தால் சோடா குடி என்று நம்மூரில் சொல்வதும், ஊற்றடியில் நின்று கோப்பை கோப்பையாகக் குடித்ததும் ஒரே நம்பிக்கையின் இரண்டு கிளை.

ஒரு வேண்டுகோள். எல்லா ஊற்றையும் ‘நோய் தீர்க்கும் ஊற்று’ என்று எழுதிவிடாதீர்கள். சோகை உள்ளவருக்கு இரும்பு, மலச்சிக்கலுக்குக் கசப்பு உப்பு, மூட்டு வலிக்கு வெந்நீரின் சூடு, இவற்றுக்குக் காரணம் சொல்லலாம். அந்தக் காலத்தில் அதே தண்ணீருக்கு மலட்டுத்தன்மை முதல் மனச்சோர்வு வரை எல்லாம் தீரும் என்று சொல்லி விற்றார்கள். படிப்பவர் வீட்டில் நோயாளி இருக்கலாம்.

மணிமுத்தாறு:
நெல்லிவட்டு ஐயா, பருத்தி இலை சிவந்தால் நாங்கள் தெளிப்பதும் அதே மெக்னீசியம் சல்பேட்தான். அது ஓர் ஊரின் பெயரில் கிடைக்கும் உப்பு என்று இன்றுதான் தெரிந்தது.

ஆர்தென்மழை:
வீட்டுக்குள் இருப்பவை என்றால் பூர்போன் பிஸ்கட்டையும் சேர்க்கலாம். கெல்ட் மக்கள் வணங்கிய போர்வோ என்ற தெய்வம் ஊற்றுகளுக்கு உரியவர், பெயருக்குக் கொதித்தல், குமிழியிடுதல் என்ற பொருள் சொல்கிறார்கள். அவர் பெயரில் பிரான்சில் பூர்போன்-லார்ஷாம்போ என்ற ஊற்று ஊர். அங்கிருந்து கிளம்பிய பிரபு குடும்பம் பிரான்சை ஆண்ட பூர்போன் வம்சம். பிஸ்கட்டுக்கு அந்த வம்சத்தின் பெயர்.

பனிக்கரை:
நோர்வேயில் இருந்து எழுதுகிறேன், சொந்த இடம் திருகோணமலை. குளியலறையில் தண்ணீர் சுட வைக்கும் பெட்டியை இந்தியாவில் ‘கீசர்’ என்கிறீர்களே, அது ஐஸ்லாந்துச் சொல். ஹௌகதாலூர் பள்ளத்தாக்கில் பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர், பொங்கிப் பாய்வது என்ற வினையிலிருந்து வந்தது. 1868இல் லண்டனில் ஒருவர் தண்ணீர் சூடேற்றும் கருவி செய்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார். ஐஸ்லாந்தில் குளிக்கிற வெந்நீர்க் குளம் ‘லௌக்’. அதனால் சனிக்கிழமைக்கு அங்கே ‘லௌகர்தாகுர்’, குளியல் நாள் என்று பெயர். நோர்வேயிலும் அதே சொல் தேய்ந்து ‘லோர்டாக்’ ஆகி நிற்கிறது. முதல் தடவை இதைக் கேட்டபோது ‘சனி நீராடு’ என்று சின்ன வயதில் பாடமாக்கியது நினைவுக்கு வந்து, மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

கன்னியாவில் எங்களுக்கு ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சூடு வேறு. ஆனால் அங்கே நாங்கள் வருத்தம் மாற வேண்டும் என்று போனதை விட, தாய் தகப்பனை இழந்தவர்கள் கடன் கழிக்கப் போனதுதான் அதிகம். அம்மம்மா செத்து முப்பத்தோராம் நாள் அங்கேதான் குளித்தோம். அதனால் வெந்நீர் ஊற்று என்றாலே எனக்கு முதலில் வருவது நோய் இல்லை.

ஊற்றுக்கண்:
பனிக்கரை, இதைப் பகிர்ந்ததற்கு நன்றி. நீங்கள் எழுதிய ‘வருத்தம் மாறுதல்’ என்னை நிறுத்திவிட்டது. இலங்கையில் வருத்தம் என்றால் நோய், இல்லையா? தமிழ்நாட்டில் ‘குணமாயிற்று’ என்போம், ‘சரியாயிற்று’ என்போம், கிறிஸ்தவர் வீட்டில் ‘சொஸ்தமாயிற்று’ என்பார்கள். ஊற்றுக்கான சொல்லைத் தேடி வந்தவன் குணமாதலுக்கான சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஐரோப்பிய மொழிகளில் அது எப்படி?

தறிநாடா:
இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

ஜெர்மானிய மொழிகளில் குணமாதல் என்பது முழுமையாதல். ஜெர்மன் ‘ஹைலன்’, ஆங்கில ‘ஹீல்’, ‘ஹெல்த்’ எல்லாம் ‘ஹோல்’, அதாவது முழுசு, என்ற சொல்லின் கூடப்பிறந்தவை. புனிதத்தைக் குறிக்கும் ‘ஹோலி’யும் அந்தக் குடும்பமே. அதனால்தான் ஹைல்புரோன் என்ற ஊர்ப்பெயரில் இருப்பது மருந்து ஊற்றா, புனித ஊற்றா என்று கேட்கத் தோன்றுகிறது. புனித ஊற்று என்பதே மூலம். அந்தக் காலத்தவர் இரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

பிரெஞ்சு ‘கெரீர்’, இத்தாலிய ‘குவாரிரே’ இரண்டும் ஃபிராங்கு இனத்தாரின் ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தவை. மூலப்பொருள் தற்காத்தல், அரண் செய்தல். ருமேனிய ‘விந்தெகா’ இன்னும் விசித்திரம்: லத்தீனில் ‘விந்திகாரே’ என்றால் உரிமை கோருதல், பழி வாங்குதல். நோயிடமிருந்து உடம்பைத் திரும்பக் கேட்டு வாங்குவது போல. இங்கிலாந்தின் பாத் நகரில், சூலிஸ் என்ற தேவியின் வெந்நீர் ஊற்றில் சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் நோய் தீர்க்கச் சொல்லும் வேண்டுதல்களை எதிர்பார்ப்போம். பெரும்பாலானவை சாபங்கள்! ‘என் மேலாடையைத் திருடியவனைச் சும்மா விடாதே’ என்ற வகை. குளிக்க இறங்கியவரின் துணி களவு போயிருக்கிறது, அவர் அதே தண்ணீரின் தேவியிடம் நியாயம் கேட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு ‘விந்தெகா’ எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

கிரேக்க ‘தெராபேயா’ ஊழியம், பக்கத்தில் இருந்து பணிவிடை செய்வது. ரைன்கரை அக்கா சொன்ன ‘கூரா’வுக்கு மிக அருகில்.

ஸ்லாவிய மொழிகளில் ஆரோக்கியத்துக்கு போலிஷ் ‘ஸ்த்ரோவியே’, ரஷ்ய ‘ஸ்தரோவ்யே’. இதை உடைத்தால் ‘நல்ல’ என்ற முன்னொட்டும் ‘மரம்’ என்ற சொல்லும் கிடைக்கும். முன்னொட்டு சமஸ்கிருத ‘சு’வுக்கு உறவு, சுகந்தத்தில் வரும் அதே ‘சு’. மரத்துக்கான சொல் ‘தாரு’வுக்கு உறவு, தேவதாருவில் வரும் தாரு. நல்ல மரத்தால் ஆனவன், வைரம் பாய்ந்த கட்டை. ஊற்று உள்ள ஊரை போலிஷில் ‘உஸ்த்ரோவிஸ்கோ’ என்பார்கள், ஆரோக்கியம் பெறும் இடம். ஊர்ப்பெயரின் பின்னால் ‘ஸ்த்ரூய்’ என்றும் வரும், கிரினிட்சா-ஸ்த்ரூய் போல. அது ஊற்று. கேட்க ஆரோக்கியத்தின் சொல் போலவே இருந்தாலும் வேர் வேறு, நீர் பாய்வதைக் குறிப்பது.

பனிக்கரை:
இங்கே மருத்துவருக்கு ‘லேகெ’. சுவீடனில் ‘லாக்காரெ’, பின்லாந்துக்காரர் அதை வாங்கி ‘லாக்காரி’ ஆக்கிவிட்டார்கள். போலந்து நண்பர் ‘லேகாஷ்’ என்கிறார். எல்லாம் ஒன்றுதானா?

தறிநாடா:
ஒன்றுதான். பழைய ஜெர்மானியச் சொல் ஸ்லாவிய மொழிகளுக்குப் போயிருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் மருத்துவருக்கு அந்தச் சொல்லே இருந்தது.

ரைன்கரை:
ஊற்றுக்கண், நான் இரண்டு நாளாக யோசித்தேன். தறிநாடா சொன்ன சிக்கல் சரி, நீர்ப்பத்தியம் வேண்டாம். நம்மூரில் ‘ஒரு மண்டலம் மருந்துக்கு இருந்தேன்’ என்பார்களே, அந்த ‘இருத்தல்’ போதும். ‘ஊற்றுக்கு இருப்பது.’

ஊற்றுக்கண்:
அக்கா, கிடைத்துவிட்டது. முதல் இடத்தில் கூர் என்று போட்டு ஒரு வரி விளக்கம் தருகிறேன், பிறகு ஊருக்கு ‘ஊற்றூர்’, வந்தவருக்கு ‘ஊற்றுக்கு இருக்க வந்தவர்’. அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

‘1737இல் சாலே ஆற்றைத் திசை திருப்பியபோது பழைய ஆற்றுப்படுகையில் கிடைத்த ராகோட்சி ஊற்று இன்றும் பாட் கிஸ்ஸிங்கனுக்கு உயிர். 1911இல் மாக்ஸ் லிட்மான் கட்டிய நடை மண்டபத்தில், ஊற்றுக்கு இருக்க வந்தவர்கள் காலையில் வரிசையாக வருகிறார்கள். ஊற்றுப் பெண்கள் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடித்துவிட்டு நடக்கப் போகிறார்கள்.’

ரைன்கரை:
அருமை. கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். குடித்துவிட்டு நடப்பதில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்ல நடந்தபடியே, மடக்கு மடக்காகக் குடிப்பார்கள். மண்டபத்தை அவ்வளவு நீளமாகக் கட்டியதே அதற்குத்தான்.

ஊற்றுக்கண்:
மாற்றிவிட்டேன். நான்காம் பக்கத்துக்குப் போகிறேன்.